இடுப்பளவு தண்ணீரில் நடந்த போர்: குருநகரிலிருந்து சில கேள்விகள்

கடற்படைப் பிரிவு ஒன்றின் போர்க்கால வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில்தான் எழுதுகிறார்கள். பிரிவு எந்த ஆண்டு தொடங்கியது, என்ன படகு, என்ன துப்பாக்கி, எந்தெந்தச் சண்டை, எதிரியின் படகுகள் எத்தனை அழிந்தன, பதக்கம் யாருக்கு. நடுக்கடலில் கப்பலும் கப்பலும் மோதிய கதைக்கு இந்த ஒழுங்கு ஓரளவு பொருந்தும். அங்கே சண்டை பிடிக்கிறவர்களைத் தவிர வேறு ஆள் அதிகம் இல்லை. ஆற்றிலும் கடனீரேரியிலும் சுற்றுக்காவல் செய்த சிறுபடகுப் பிரிவுகளுக்கு இது பொருந்தாது என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது. அந்தத் தண்ணீர் போர் வருவதற்கு முன்பே சனத்தின் தொழிலிடமாக இருந்தது. அங்கே ஓடிய காவற்படகு எதிரிப் படகைக் கண்ட தடவைகளை விட மீன்பிடி வள்ளத்தையும் பயணிகள் படகையும் கண்ட தடவைகள்தான் அதிகம். அந்தச் சந்திப்புகளை விட்டுவிட்டு எழுதினால், சண்டைகள் ஏன் அந்த இடத்தில், அந்த நேரத்தில், அந்த விதமாக நடந்தன என்பதே விளங்காது. யாழ்ப்பாணக் கடனீரேரியையும் அதன் கரையில் இருக்கும் குருநகரையும் வைத்தே இதைச் சொல்கிறேன்.

கடனீரேரியைத் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். பண்ணைக் கடலிலிருந்து கிழக்கே கிளாலி வரை, குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் கிடக்கும் ஆழமில்லாத உவர்நீர்ப் பரப்பு அது. பல இடங்களில் ஆள் இறங்கி நிற்கலாம். படகு ஓட வேண்டுமென்றால் ஓடைகள் எங்கே போகின்றன, எந்த மாதத்தில் எந்த மேடு வெளியே வரும், சிறகுவலைக் கம்புகள் எங்கே ஊன்றியிருக்கின்றன என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். கரையூர் என்று முந்தி அழைக்கப்பட்ட குருநகரின் தொழிலாளருக்கு இந்த அறிவு தலைமுறை தலைமுறையாக வந்தது. பெருங்கடலுக்கென்று கட்டிய போர்க்கப்பல் எதற்கும் இந்த நீருக்குள் வேலை இல்லை. ஆகவே, யார் இந்த நீரைக் கட்டுப்படுத்த நினைத்தாலும் அவர் மீனவரின் படகைப் போன்ற ஒன்றில் ஏறி, மீனவரின் ஓடை வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. என் வாதத்தின் அடித்தளமே இந்த இடம்தான். ஆழமில்லாத நீரில் சண்டை பிடிக்க வந்த ஒவ்வொரு தரப்பும் முதலில் மீனவரின் கருவியை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு அதே கருவியோடு நின்ற மீனவரைச் சந்தேகப்பட்டது.

கருவி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் நோர்வேயின் உதவியோடு காரைநகரில் சீநோர் படகுத் தளம் உருவானது. கண்ணாடி நார் கொண்டு வார்த்த வள்ளங்கள் வடக்குக் கரைகளில் பெருகின. குருநகரில் வலைத் தொழிற்சாலை வந்தது. பின்பக்கம் கொழுவும் மோட்டரோடு ஓடும் இலேசான பைபர் வள்ளம், பழைய மரத் தோணியை விட வேகமானது. நீருக்குள் ஆழமாக அமிழாதது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து கரையில் ஏற்றக்கூடியது. மீனவ அபிவிருத்திக்காக வந்த இந்த வள்ளம், 1980களில் ஆயுத இயக்கங்கள் பாக்கு நீரிணையைக் கடக்கும் வாகனமானது. விடுதலைப் புலிகளின் கடற்பிரிவான கடற்புலிகள் அதை வளர்த்து, பல சிறுபடகுகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பெரிய படகைச் சூழ்ந்து தாக்கும் முறையாக்கினார்கள். இலங்கைக் கடற்படை 1993இல் விசேட படகு அணியைத் தொடங்கியது. 2006க்குப் பின், வசந்த கரன்னாகொட தளபதியாக இருந்த காலத்தில், வெலிசறையில் உள்ள தன் சொந்தத் தளத்திலேயே 23 அடி அளவான 'அரோ' படகுகளை நூற்றுக்கு மேல் கட்டி, அவற்றுக்கென வேக நடவடிக்கைப் படகு அணியையும் அமைத்தது. புலிகளின் சிறுபடகு முறையைப் படித்து, அதே முறையை அதிக எண்ணிக்கையில் திருப்பிச் செய்ததாகக் கடற்படையே பெருமையோடு சொல்லியிருக்கிறது. அந்தச் சங்கிலியை இன்னும் ஒரு கண்ணி பின்னோக்கி இழுத்தால் அது சீநோர் வள்ளத்தில் போய் நிற்கும். அந்த ஒரு கண்ணியை எந்தப் படை வரலாறும் எழுதுவதில்லை.

இந்திய அமைதிப்படையின் காலமும் இந்த விடுபடலுக்குச் சாட்சி. 1987 பெப்ரவரியில் உருவான இந்தியக் கடற்படையின் விசேட அணி, பின்னாளில் மார்கோஸ் என்று பெயர் பெற்றது. அதன் முதல் பெரிய நடவடிக்கைகளில் ஒன்று நடந்த இடம் குருநகர் இறங்குதுறை. 1987 ஒக்டோபர் 21 இரவு, லெப்டினன்ட் அரவிந்த் சிங் உட்பட 18 பேர் கொண்ட அணி ஜெமினி ரப்பர் படகுகளில் மண்டைதீவுப் பக்க ஓடைக்கு வந்தது. வெடிமருந்து ஏற்றிய இரண்டு மரத் தோணிகளைக் கட்டி இழுத்து வந்தார்கள். அதற்குப் பின் ஒரு சிறு குழு அந்தத் தோணிகளில் குருநகரை நோக்கி வந்து, நீந்தி, இறங்குதுறையிலும் புலிகளின் வேகப் படகுகளிலும் வெடி பொருத்தியது. கண்டுபிடிக்கப்பட்டுச் சூடு விழுந்தபோதும் உயிரிழப்பில்லாமல் திரும்பினார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் நீந்தி வந்து மிஞ்சிய படகுகளை அழித்தார்கள். சிங்குக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. துணிச்சலான வேலை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த நிகழ்வை எடுத்துச் சொல்லும் எழுத்துகளில் குருநகர் 'எதிரியின் தளம்' என்ற ஒரே பெயரோடுதான் வருகிறது. அது ஒரு ஊரின் மீன் இறங்கும் துறை. அங்கே கட்டியிருந்த படகுகளுக்குப் பக்கத்தில்தான் தொழிலாளரின் வள்ளங்களும் நின்றன. துறை உடைந்தால் அடுத்த நாள் மீன் எங்கே இறங்கும் என்ற கேள்வி அந்த ஊருக்கு இருந்தது. அதே ஒக்டோபர் 21 யாழ்ப்பாணத்துக்குத் தீபாவளி நாள். போதனா வைத்தியசாலைக்குள் நோயாளரும் மருத்துவரும் தாதியரும் அமைதிப்படையால் கொல்லப்படத் தொடங்கியதும் அன்றுதான். ஒரே நகரத்தின் ஒரே நாள் இரண்டு தனி நூல்களில், ஒன்றையொன்று அறியாமல் கிடக்கிறது.

வெளியுலகத்தில் இந்த வகைப் போருக்கு அதிகம் எழுதப்பட்ட உதாரணம் வியட்நாமின் மேக்கொங் கழிமுகம். 1965 டிசெம்பரில் அமெரிக்கக் கடற்படை அங்கே ஆற்றுக் காவற்படையை அமைத்தது. 31 அடி நீளமான பைபர் படகு, நாலு பேர் கொண்ட குழு, சுழலிக்குப் பதிலாக நீரைப் பின்னால் பீய்ச்சித் தள்ளும் நீருந்து இயந்திரம். உச்சக் காலத்தில் ஏறத்தாழ 250 படகுகள். இந்தப் படகுகளின் அன்றாட வேலை சண்டை இல்லை. அரிசியும் மீனும் குழந்தைகளும் ஏற்றிப் போன சம்பான் தோணிகளை மறித்து, பத்திரம் பார்த்து, பலகையைத் தூக்கிச் சோதிப்பதுதான். இரவில் ஊரடங்கு, ஊரடங்கு நேரத்தில் ஓடும் தோணி எதிரியாகவே கருதப்படலாம். 1966 ஒக்டோபர் 31ஆம் திகதிச் சண்டைக்காக ஜேம்ஸ் எலியட் வில்லியம்ஸ் என்பவருக்கு அந்த நாட்டின் ஆக உயர்ந்த பதக்கம் கிடைத்தது. அவருடைய காவற்குழு மூன்று மணி நேரத்தில் 65 எதிரிப் படகுகளை இல்லாமல் செய்ததாகப் பதக்கக் குறிப்பு சொல்கிறது. அந்தப் படகுகளும் ஊர்ச்சனத்தின் படகுகளும் ஒரே வகை. இருந்தாலும் அமெரிக்கக் கடற்படையின் மாதாந்த அறிக்கைகளில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது: எத்தனை தோணிகள் கண்ணில் பட்டன, எத்தனை சோதிக்கப்பட்டன என்ற எண்ணிக்கையையும் எழுதி வைத்தார்கள். அந்த அறிக்கைகளை இன்று எவரும் வாசிக்கலாம். ஆற்றில் இருந்த சனத்தின் சுவடு, முழுமையாக இல்லாவிட்டாலும், படையின் சொந்தத் தாளிலேயே இருக்கிறது.

இனி எங்கள் நீருக்குத் திரும்புவோம். 1986 ஜூன் 10ஆம் திகதி, மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குப் போயிருந்த குருநகர்க் கடற்றொழிலாளர் 31 பேர் கடற்படையினரால் கொல்லப்பட்டார்கள். குருநகர்க் கரையிலிருந்து பார்த்தால் மண்டைதீவு கண்ணுக்குத் தெரியும். போர் முனை என்று சொல்லத்தக்க இடம் அன்றைக்கு அது இல்லை. அவர்கள் நின்றது தங்கள் வழமையான தொழில் நீரில். அதற்கு ஒரு வருடம் முந்தி, 1985 மே 15, நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகு நடுவழியில் மறிக்கப்பட்டுக் குறைந்தது 23 பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குமுதினி அரசாங்கத்தின் பயணிகள் சேவைப் படகு. எவர் படகு என்று தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்வதற்கு இதில் இடமே இல்லை. இந்த இரண்டையும் 'மனித உரிமை மீறல்' என்ற கோப்பில் போட்டுவிட்டுச் சிறுபடகுப் போரின் வரலாற்றை வேறு கோப்பில் எழுதுகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. தடுப்பதற்கும் சோதிப்பதற்கும் அதிகாரம் பெற்ற ஒரு காவற்படை, தடுத்து நிறுத்திய படகில் இருந்தவர்களை என்ன செய்தது என்பது அந்தப் படையின் செயற்பாட்டு வரலாறு அல்லாமல் வேறென்ன? ஒரு பொலிஸ் நிலையத்தின் வரலாற்றை, அங்கே தடுத்து வைக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் எழுத முடியுமா?

படை நடவடிக்கையை விளங்கிக்கொள்ளவே பொதுமக்களின் நீர்ப்பயணம் தேவை என்பதற்கு 1993ஐ விட நல்ல ஆதாரம் இல்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதும் ஆனையிறவுப் பாதை அடைபட்டது. 1991இன் பிற்பகுதியில் பூநகரி இராணுவத்தின் கைக்குப் போக, கேரதீவு–சங்குப்பிட்டி வழியும் போய்விட்டது. இலட்சக்கணக்கான சனம் இருந்த குடாநாட்டுக்கு வெளியே போகக் கடைசியில் மிஞ்சிய முக்கிய வழி கிளாலி. இரவில் சிறு படகுகளில், ஒன்றோடொன்று கட்டி இழுபட்டு, நோயாளியும் மாணவரும் வியாபாரியும் கடந்தார்கள். நாகதேவன்துறையில் கடற்படை முகாம். அரசாங்கம் அந்த நீரைத் தடைசெய்யப்பட்ட பகுதி என்று அறிவித்திருந்தது. 1993 ஜனவரி 2 இரவு, காவற்படகுகள் தேடொளி அடித்துப் பயணிகள் படகுகளைச் சுட்டன. இறந்தவர்கள் 35 முதல் 100 வரை என்று மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. அதன் பின் நடந்ததைப் பாருங்கள். கிளாலி நீரில் கடற்புலிகளுக்கும் கடற்படைக்கும் மோதல்கள் பெருகின. செப்டெம்பர் இறுதியில் இராணுவம் ஆனையிறவிலிருந்து 'யாழ் தேவி' நடவடிக்கையைத் தொடங்கிக் கிளாலி வரை வந்து, படகுகளை அழித்துவிட்டுத் திரும்பியது. நவம்பர் 11 அதிகாலை புலிகள் 'தவளை' நடவடிக்கையில் பூநகரி, நாகதேவன்துறை முகாம்களைத் தாக்கினார்கள். இரு தரப்பிலும் சில நாட்களில் பல நூறு பேர் இறந்தார்கள். கடற்படையின் ஐந்து நீருந்து விசைப்படகுகள் புலிகளின் கைக்குப் போயின. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 13, குருநகர் புனித யாகப்பர் ஆலயத்தின் மீது விமானக் குண்டு விழுந்து சனம் செத்தது. ஒரு பயணிகள் பாதையை யார் ஆள்வது என்ற போட்டிதான் இந்த வருடத்தின் முதுகெலும்பு. பயணிகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, காரணம் தெரியாத முகாம் தாக்குதல்களின் பட்டியல் மட்டுமே.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் வலுவானதை முதலில் எடுக்கிறேன். புலிகள் மீனவ வள்ளத்தைப் போன்ற படகில்தான் வந்தார்கள். கிளாலியில் பயணிகள் படகுகளுக்குப் பக்கத்திலேயே கடற்புலிகளின் படகுகள் ஓடின. இருட்டில், நூறு மீற்றருக்கு அப்பால், எது எதுவென்று எந்தக் கடற்படை வீரனால் சொல்ல முடியும்? இந்தக் கேள்வி நேர்மையானது. காவற்படகில் நின்ற இளைஞனின் பயமும் உண்மையானது. புலிகளுக்குக் கிளாலிப் பாதையால் வருமானம் இருந்தது. வெளியே போவதற்கு அவர்களுடைய அனுமதிப் பத்திரம் வேண்டியிருந்தது. பாதுகாப்பான வேறு வழி திறக்கும் பேச்சுகள் நிறைவேறாமல் போனதற்கு இரு தரப்பின் நிபந்தனைகளும் காரணம். இதையெல்லாம் மறைத்து எழுதுகிறவர் கரையின் வரலாற்றை எழுதவில்லை, ஒரு கட்சியின் வரலாற்றை எழுதுகிறார். ஆனால் இந்த மறுப்பு எவ்வளவு தூரம் போகும்? பிரித்தறிய முடியாது என்பது தெரிந்திருந்தால், அந்தக் காவற்பிரிவுக்கு என்ன கட்டளை கொடுக்கப்பட்டது, எச்சரிக்கை எப்படிச் செய்யப்பட்டது, சுடும் முடிவு யாருடையது என்பவைதான் வரலாற்றின் மையக் கேள்விகளாகின்றன. தப்பாகச் சுடும் வாய்ப்பு அதிகம் என்பது எழுதாமல் விடுவதற்கு நியாயம் ஆகாது. அதிகமாக எழுதுவதற்கே அது காரணம். குமுதினிக்கு இந்த மறுப்பு பொருந்தவே பொருந்தாது என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இன்னொரு மறுப்பு, படை வரலாறு என்பது தனித் துறை, அது வீரர்களின் தொழில்நுட்பத்தையும் தியாகத்தையும் பதிவு செய்வதற்கானது என்பது. இந்த நீரில் இறந்த கடற்படை இளைஞர்கள் பலர் தெற்கின் ஏழை வீடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் பலரும் ஏதோ ஒரு கரையோர ஊரின் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். அவர்களுடைய தாய்மாருக்கு அந்தப் பதிவு வேண்டும். இதில் எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் பதக்கக் குறிப்பும் அழித்த படகுகளின் எண்ணிக்கையும் வைத்து எழுதும்போது, தொழில்நுட்ப வரலாறாகக்கூட அது நிறைவேறுவதில்லை. 2006 ஓகஸ்டில் புலிகள் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பக்கம் தரையிறங்கியபோது, சிறுபடகுகள் கடனீரேரியைக் கடந்து தீவுகளுக்குள் எப்படி வர முடிந்தது என்ற கேள்விக்கு விடை, ஓடைகளைப் பற்றிய ஊர் அறிவில் இருக்கிறது. அந்த அறிவு தங்களிடம் இல்லாததால்தான், படைகள் வருடக்கணக்கில் மீனவருக்குப் பாஸ் நடைமுறை, நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு, இயந்திர வலுக் கட்டுப்பாடு என்று போட்டு நீரை வெறுமையாக்க முயன்றன. வெறுமையான நீரில் ஓடுவது எதிரி மட்டுமே என்பது அந்தத் திட்டம். அதன் விலை குருநகரின் அடுப்புகளில் கழிந்தது. ஒரு காவல் முறையின் வெற்றியை மதிப்பிடுகிறவர் அந்த விலையையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

பழைய புண்ணைக் கிளற வேண்டாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் எங்கள் ஆட்களும் உண்டு. குருநகரில் அந்தப் புண்ணை எவரும் புதிதாகக் கிளறத் தேவையில்லை. ஒவ்வொரு ஜூன் 10உம் அங்கே நினைவுகூருகிறார்கள். நடக்காமல் இருப்பது, அந்த நினைவு ஒரு ஆவணமாக மாறுவதுதான். நினைவு நாளில் பேசப்படும் சொல்லுக்கும், திகதியும் இடமும் சாட்சியும் ஒப்பிட்டுச் சரிபார்த்த பதிவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு, கிளாலியால் கடந்த இரவுகளை ஒரு கதையாகக்கூடக் கேள்விப்படாத பிள்ளைகள் அந்தப் பாலத்தால் பஸ்ஸில் போய் வருகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் 1986இல் இருபது வயதில் வலை இழுத்தவருக்கு இப்போது அறுபது.

ஆகவே கேட்பது இதுதான். கடற்படையிடம் நாகதேவன்துறை, காரைநகர், மண்டைதீவு முகாம்களின் காவல் நாட்குறிப்புகளும் சுடும் கட்டளைகளும் கேட்கப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் தேசிய பாதுகாப்பு என்ற விலக்கு இருந்தாலும், முப்பது வருடத்துக்கு முந்தைய காவற்படகு ஓட்டங்களுக்கு அந்த விலக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். தெற்கில் ஓய்வுபெற்று இருக்கும் கடற்படையினரிடமும் கேட்க வேண்டும்; அவர்களில் சிலர் பேசுவார்கள் என்று நம்புகிறேன். இந்தப் பக்கத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மாணவர்களும், குருநகர்ப் பங்கும், கடற்றொழிலாளர் சங்கங்களும் சேர்ந்து வயதானவர்களின் வாய்மொழியை இப்போதே பதிவு செய்யலாம்: எந்த ஓடையில், எந்த ஆண்டில், எந்தப் படகு மறித்தது, என்ன கேட்டது, பாஸ் எப்படி இருந்தது, இயக்கம் என்ன கேட்டது. இதை வாசிக்கும் உங்களில் யாருடைய வீட்டிலாவது பழைய மீன்பிடி அனுமதி அட்டை, கிளாலிப் படகுச் சிட்டை, ஒரு வள்ளத்தின் பதிவுப் புத்தகம் இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து, யாருடையது, எந்த ஆண்டு என்று பின்பக்கம் எழுதி வையுங்கள்.